ஒன்பது பந்தும் ஒரு செல்போனும்

பூல் என்றதும் நீச்சல் குளம் என்று நினைப்பவர்கள் நம் வகுப்பில் பாதிப் பேர். மீதிப் பேர் "ஓ... ஸ்னூக்கரா?" என்பார்கள். இரண்டும் இல்லை நண்பர்களே! நான் சொல்ல வந்தது, 9 அடி மேசையில் எண் போட்ட ஒன்பது வண்ணப் பந்துகளையும் ஒரு வெள்ளைப் பந்தையும் வைத்து ஆடும் 'நைன் பால்' பூல். மூன்று வருஷமாக இதன் சர்வதேசப் போட்டிகளை வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து செல்போனில் பார்த்து வருகிறேன். கியூ குச்சியை ஒரு தடவைகூடக் கையில் பிடித்ததில்லை. பிடிக்க எங்கள் ஊரில் மேசை வேண்டுமே! ஆகவே ஆடுவது எப்படி என்று எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. பார்ப்பது எப்படி என்று எழுதத் தாராளமாக உண்டு.

"பந்து உருட்டுறதைப் பார்த்து என்னடா கிடைக்கப் போவுது?" என்று அம்மா கேட்காத நாள் இல்லை. "அது வேலைவெட்டி இல்லாதவன் கிளப்புல ஆடுறது" என்பது மாமாவின் தீர்ப்பு. இரண்டு பேருக்கும் வாயால் பதில் சொல்லி மாளவில்லை. அதுதான் எழுத்தில்.

முதலில் ஸ்னூக்கர் சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஸ்னூக்கருக்கும் நம் நாட்டுக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1875-ல் ஜபல்பூரில், பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் மத்தியில் பிறந்த ஆட்டம் அது என்பார்கள். அதன் ஆரம்பகால விதிகள் எழுதி மாட்டப்பட்டது நம்ம ஊட்டி கிளப்பில். மேசை 12 அடி, பந்து சிறிசு, 52.5 மி.மீ. பூல் அமெரிக்காவில் வளர்ந்தது. மேசை சின்னது, பந்து பெரிசு, 57.15 மி.மீ. இன்று அதன் பெரிய ஆட்டக்காரர்கள் பிலிப்பைன்ஸ், தைவான், அல்பேனியா, ஸ்பெயின், சிங்கப்பூர் என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள்.

கேரம் ஆடத் தெரிந்தவனுக்கு பூல் பாதி தெரிந்த மாதிரிதான். ஸ்ட்ரைக்கர் இருக்கும் இடத்தில் வெள்ளைப் பந்து. காயின் இருக்கும் இடத்தில் எண் பந்துகள். நாலு பாக்கெட்டுக்குப் பதில் ஆறு. ஆனால் ஒன்று. கேரமில் ஒவ்வொரு அடிக்கும் ஸ்ட்ரைக்கரைக் கையில் எடுத்து நம்ம கோட்டில் வைத்துக்கொள்ளலாம். பூலில் வெள்ளைப் பந்து எங்கே போய் நின்றதோ அங்கிருந்துதான் அடுத்த அடி. ஆட்டம் மொத்தமும் இந்த ஒரு வித்தியாசத்துக்குள் அடக்கம்.

விதிகள் சுருக்கமாக. மேசையில் இருக்கிற பந்துகளில் எது சின்ன எண்ணோ, வெள்ளை முதலில் அதில்தான் பட வேண்டும். பட்ட பிறகு எந்தப் பந்து விழுந்தாலும் செல்லும், தொடர்ந்து ஆடலாம். 9 விழுந்தால் அந்த ரேக் முடிந்தது. போட்டவனுக்கு ஒரு புள்ளி. 1-ல் பட்டு 9 விழுந்தாலும் சரிதான். தப்பாகப் பட்டாலோ, வெள்ளையே பாக்கெட்டுக்குள் போனாலோ ஃபவுல். எதிராளி வெள்ளையைக் கையில் எடுத்து இஷ்டப்பட்ட இடத்தில் வைத்து அடிக்கலாம். பெரிய போட்டிகளில் ஒரு ஃபவுல் என்பது அநேகமாக ஒரு ரேக்கைத் தூக்கிக் கொடுப்பதற்குச் சமம். இதில் கொடுமை என்னவென்றால், 1 முதல் 8 வரை ஒருவன் கஷ்டப்பட்டுப் போட்டுவிட்டு 9-ஐத் தவறவிட்டால், அடுத்தவன் எழுந்து வந்து அந்த ஒரே பந்தைத் தட்டிவிட்டு ரேக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவான். எட்டுப் பந்துக்கு அரை மார்க்கூட இல்லை. நம்ம போர்டு எக்ஸாமிலாவது ஸ்டெப் மார்க் உண்டு!

இப்போது பார்க்கும் முறைக்கு வருகிறேன். புதிதாகப் பார்க்கிறவர்கள் எல்லோரும் பாக்கெட்டில் விழுகிற பந்தையே பார்ப்பார்கள். பத்து நிமிஷத்தில் கொட்டாவி வந்துவிடும். ஏனென்றால் இந்தத் தரத்து ஆட்டக்காரர்களுக்குப் பந்து விழுவது பெரிய செய்தியே அல்ல. வெள்ளைப் பந்தைப் பாருங்கள். 3-ஐப் போட்டுவிட்டு வெள்ளை எங்கே போய் நிற்கிறது? அங்கிருந்து 4-க்கு வழி இருக்கிறதா? வழி இருந்தால் மட்டும் போதாது. 4-ஐப் போட்டபின் 5-க்குப் போகிற மாதிரி கோணம் இருக்கிறதா? ஆட்டக்காரர் மேசையைச் சுற்றி நடப்பதும், குனிந்தவர் மறுபடி நிமிர்வதும் இந்தக் கணக்குக்குத்தான்.

நான் பழகிய முறை இது. அடிக்கப் போகும் முன் செல்போன் திரையில், வெள்ளை வந்து நிற்கும் என்று நான் நினைக்கிற இடத்தில் விரலை வைத்துவிடுவேன். ஆரம்பத்தில் விரல் ஒரு மூலையில் இருக்கும், பந்து எதிர்மூலையில் நிற்கும். போகப் போக நெருங்கி வந்தது. பதிவு செய்த ஆட்டம் என்றால் நிறுத்தி நிறுத்திச் செய்யலாம். உலக சாம்பியனோடு போட்டி போட்ட மாதிரி ஒரு திருப்தி. மேசைக்குக் காசும் வேண்டாம், கிளப்புக்குச் சந்தாவும் வேண்டாம்.

விரல் சரியாக விழ வேண்டுமென்றால் கொஞ்சம் எஞ்சினியரிங் மெக்கானிக்ஸ் தெரிய வேண்டும். பயப்படாதீர்கள், நாம் படித்ததுதான். பந்துகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே எடை, 156 முதல் 170 கிராமுக்குள். மோதலில் ஆற்றல் இழப்பு மிகக் குறைவு. வெள்ளை சுழலாமல் வழுக்கிக்கொண்டு போய் இன்னொரு பந்தின் ஓரத்தில் மோதினால், இரண்டும் கிட்டத்தட்ட 90 டிகிரியில் பிரிந்து போகும். அதே வெள்ளை உருண்டு வந்து பாதிப் பந்தில் மோதினால், வந்த திசையிலிருந்து சுமார் 30 டிகிரிதான் விலகும். மையத்துக்குக் கீழே அடித்துப் பின்சுழல் கொடுத்தால் நேர் மோதலுக்குப் பின் வெள்ளை திரும்பி வரும். துணியின் உராய்வு அந்தப் பின்சுழலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். அதனால் தூரத்துப் பந்தில் மோதித் திரும்பி வர வைப்பது கடினம், கிட்டத்துப் பந்தில் சுலபம். மையத்துக்கு மேலே, ஆரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு உயரத்தில் தட்டினால் பந்து வழுக்காமல் முதலிலிருந்தே உருளும். அந்த ஐந்தில் இரண்டு எங்கிருந்து வந்தது? திடக்கோளத்தின் மொமென்ட் ஆஃப் இனர்ஷியாவில் மனப்பாடம் செய்தோமே, அதே ஐந்தில் இரண்டுதான்.

இதில் எனக்குப் பிடித்த தகவல் ஒன்று. 'கோரியாலிஸ் விசை' என்று படிக்கிறோமே, அந்தக் கோரியாலிஸ் 1835-ல் பில்லியர்ட்ஸ் பந்துகளின் இயக்கத்தைப் பற்றி மட்டுமே ஒரு கணிதப் புத்தகம் எழுதியிருக்கிறார். மாமாவிடம் இதைச் சொன்னேன். "அவரும் வேலைவெட்டி இல்லாம இருந்திருப்பாரு" என்றார்.

பக்கச்சுழல் இன்னொரு தலைவலி. மையத்துக்கு இடப்பக்கம் அடித்தால் வெள்ளை, குறிபார்த்த கோட்டைவிட்டு லேசாக வலப்பக்கம் விலகிப் போகும். கியூவின் முனைப் பகுதி எவ்வளவு கனமோ அவ்வளவு விலகல். அதனால்தான் மேப்பிள் மரத் தண்டை விட்டுவிட்டுப் பெரும்பாலானோர் கார்பன் ஃபைபர் தண்டுக்குப் போய்விட்டார்கள். நேரலையில் கறுப்பாக வழவழவென்று தெரிகிறதே, அதுதான்.

மேசையின் ஓரச் சட்டத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் பதித்திருப்பார்கள். அலங்காரம் என்று நினைக்காதீர்கள். நீளவாக்கில் எட்டுப் பாகம், அகலத்தில் நாலு பாகம். மேசையே ஒரு கிராஃப் தாள்! நேரே போக வழியில்லாதபோது குஷனில் அடித்துத் திருப்ப, இந்தப் புள்ளிகளை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். இந்தக் கணக்கின் உச்சம் பார்க்க வேண்டுமானால் எஃப்ரன் ரேயஸின் 1995-ஆம் வருஷத்து அடியைத் தேடிப் பாருங்கள். அமெரிக்காவின் ரீனோ நகரில் எர்ல் ஸ்ட்ரிக்லாண்டுக்கு எதிரான இறுதி ஆட்டம், 12-12 என்று நிற்கிறது. வெள்ளைக்கும் 5-ஆம் பந்துக்கும் நேர்வழி இல்லை. மனிதர் இரண்டு குஷனில் தட்டி, 'இசட்' எழுத்துப் போல வெள்ளையைத் திருப்பிக் கொண்டுவந்து 5-ஐ அடிக்கிறார். அடித்தது மட்டுமல்ல, அது பாக்கெட்டிலும் விழுகிறது!

ரேயஸ் மணிலாவில் மாமாவின் பூல் கூடத்தில் வளர்ந்தவர். மேசை எட்டாததால் குளிர்பானப் பெட்டிகள் மேல் ஏறி நின்று ஆடிப் பழகியவர். ராத்திரி மேசை மேலேயே தூங்கியவர். 1985-ல் அமெரிக்கா போனபோது சொந்தப் பெயரில் ஆடினால் யாரும் பந்தயத்துக்கு வரமாட்டார்கள் என்று 'சீசர் மொராலஸ்' என்ற பெயரில் ஆடி ஹூஸ்டனில் ஜெயித்தார். 1999-ல் கார்டிஃப் நகரில் உலகப் பட்டம். அந்தக் காலத்து ஆட்டங்களை 'அக்கு-ஸ்டாட்ஸ்' என்ற அமெரிக்க நிறுவனம் படமெடுத்து வீடியோ கேசட்டாக விற்றது. காசு கொடுத்து கேசட் வாங்கி, வி.சி.ஆர். வைத்திருந்தவர்களுக்கே கிடைத்த அதிர்ஷ்டம் இன்று நம் சட்டைப்பையில்.

சரி, பிரேக். ஆட்டத்தின் முதல் அடி. இதைப் பற்றி நம் துறைக்காரர்கள் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்பது பந்தையும் வைர வடிவில் அடுக்குவார்கள். 1 முன்னால், 9 நடுவில். முன்பெல்லாம் சட்டம் வைத்துக் கையால் அடுக்கியதால் பந்துகளுக்கிடையே தலைமுடி அளவு இடைவெளி எங்காவது இருக்கும். அடித்தால் எது எங்கே போகும் என்று சொல்ல முடியாது. பிறகு துளை போட்ட மெல்லிய பிளாஸ்டிக் தாள் வந்தது. அதன் மேல் வைத்தால் பந்துகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். அடுக்கும் வேலை சுலபமாயிற்று. ஆனால் இடைவெளி இல்லை என்றால் மோதல் ஒவ்வொரு தடவையும் ஒரே வழியில்தானே போகும்? வைரத்தின் இரு ஓரங்களில் இருக்கிற பந்துகள் மூலைப் பாக்கெட்டைத் தேடிப் போய் விழ ஆரம்பித்தன. பலமாக அடிக்கவும் தேவையில்லை, அளவாகத் தட்டினால் போதும். லேத்தில் ஒரே பீஸைத் திரும்பத் திரும்பக் கடைகிற கதைதான்.

அமைப்பாளர்கள் யோசித்தார்கள். மேசைப் புள்ளியில் 1-க்குப் பதில் 9-ஐ வைக்கச் சொன்னார்கள். அதாவது முழு அடுக்கும் கிட்டத்தட்ட 10 செ.மீ. முன்னே நகர்ந்தது. (பந்தின் விட்டத்தை ரூட் 3-ஆல் பெருக்கிப் பாருங்கள், வரும்.) அவ்வளவுதான், ஓரப் பந்து பாக்கெட்டைத் தவறவிட்டுக் குஷனில் முட்டியது. ஆட்டக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 1-ஆம் பந்தை நடுப் பாக்கெட்டில் போட வழி கண்டுபிடித்தார்கள். அதற்கு மேசையின் ஓரத்திலிருந்து வெட்டி அடிப்பது வசதி. உடனே 'பிரேக் பாக்ஸ்' என்று நடுவில் ஒரு கட்டம் குறித்து, அதற்குள்ளிருந்துதான் அடிக்க வேண்டும் என்றார்கள். மெதுவாகத் தட்டுபவர்களுக்கு இன்னொரு கடிவாளம்: குறைந்தது மூன்று பந்துகளாவது பாக்கெட்டில் விழவோ, மேசையின் தலைப்பக்கக் கோட்டைத் தாண்டவோ வேண்டும். இது போதாதென்று மூலைப் பாக்கெட்டின் வாயையும் சமீப வருஷங்களில் 4 அங்குலமாகக் குறுக்கிவிட்டார்கள். பந்தே இரண்டே கால் அங்குலம் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு பாருங்கள்.

விதியை அடிக்கடி மாற்றுகிறார்கள் என்று பழைய ரசிகர்கள் திட்டுகிறார்கள். நான் அமைப்பாளர் கட்சி. ஒரு ரேக்கின் முடிவு தாளில் இருக்கும் துளையைப் பொறுத்தது என்றால் அப்புறம் எதற்கு ஆட்டக்காரர்? அதனால் ஒவ்வொரு போட்டியின் முதல் ரேக்கிலும் நான் பார்ப்பது இதைத்தான்: 9 புள்ளியில் இருக்கிறதா, கட்டம் எங்கே, 1 எந்தப் பாக்கெட்டைத் தேடிப் போகிறது?

அடுத்து, நாற்காலி. மேசையிலிருந்து கொஞ்சம் தள்ளி இரண்டு நாற்காலிகள் போட்டிருப்பார்கள். ஒருவர் ஆடும்போது மற்றவர் அதில் உட்கார்ந்தே ஆக வேண்டும். கிரிக்கெட்டில் பந்து வீசலாம், டென்னிஸில் ஓடித் திருப்பலாம். இங்கே எதிராளி தவறவிடும்வரை எதுவுமே செய்ய முடியாது. கேமரா அவ்வப்போது அந்த முகத்தைக் காட்டும். 2021 யூ.எஸ். ஓபன் இறுதி ஆட்டத்தின் பதிவைப் பாருங்கள். சிங்கப்பூரின் அலோஷியஸ் யாப் 8-3 என்று முன்னணி. எதிரே பிலிப்பைன்ஸின் கார்லோ பியாடோ. ஒரு காலத்தில் கோல்ஃப் மைதானத்தில் பெரிய மனிதர்களின் பையைத் தூக்கி நடந்தவர். அந்த மனிதர் அதற்குப் பிறகு வரிசையாகப் பத்து ரேக் எடுத்தார். 13-8, ஆட்டம் முடிந்தது. அந்தப் பத்து ரேக்கிலும் யாப்பின் முகத்தைப் பார்க்க எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. அதே யூ.எஸ். ஓபனை 2025-ல் யாப் வென்றார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் உங்களுக்கும் தூக்கம் வராது. பியாடோவும் சும்மா இல்லை. 2017-ல் தோஹாவில் வாங்கிய உலகப் பட்டத்தை 2025-ல் ஜெட்டாவில் மறுபடி வாங்கினார்.

நாற்காலியில் இருப்பவரை வெளியே கொண்டுவரும் ஆயுதம் 'சேஃப்டி'. போட வாய்ப்பில்லை என்று தெரிந்தால் ஆட்டக்காரர் போட முயற்சியே செய்யமாட்டார். வெள்ளையை வேறு பந்துகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துவிடுவார். புதிதாகப் பார்ப்பவருக்கு "என்னடா, பயந்துட்டான்?" என்று தோன்றும். உண்மையில் ரேக்கையே அங்கேதான் ஜெயிக்கிறார்கள். ஜெட்டாவில் 2024 உலக சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம் 14-14 வரை போனது. முதல் பரிசு 2,50,000 டாலர். ஃபியோதர் கோர்ஸ்ட், எக்லென்ட் காச்சி இருவருக்கும் மிச்சம் ஒரே ஒரு ரேக். கோர்ஸ்ட் எடுத்தார். அந்த மாதிரி நேரத்தில் பந்தை ஒளித்து வைக்கத் தெரிந்தவன்தான் ஆட்டக்காரன் என்பேன்.

இனி வீட்டு விவகாரங்கள். யூடியூபில் அமைப்பாளர்களின் சொந்தச் சேனல்களிலேயே நிறைய ஆட்டங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. சில மேசைகளுக்கும் கடைசிச் சுற்றுகளுக்கும் கட்டணம் கேட்பார்கள். அதைத் திருட்டு இணைப்பில் தேடி அலைவதைவிட, சில நாள் பொறுத்துப் பழைய ஆட்டமாகப் பார்ப்பது நல்லது. நேரலையின் பக்கத்தில் ஓடும் அரட்டையை மூடி வையுங்கள்; யார் ஜெயிப்பார் என்று பணம் கட்டச் சொல்லும் ஆசாமிகள் அங்கே உலவுவார்கள். டேட்டாவை மிச்சம் பிடிக்கிறேன் என்று படத்தின் தரத்தை ரொம்பவும் குறைத்தால், முழு மஞ்சளான 1-ம் மஞ்சள் பட்டை போட்ட 9-ம் ஒன்றுபோலத் தெரியும். 480-க்குக் கீழே இறங்காதீர்கள்.

முதல் இரண்டு நாட்களைத் தவறவிடவும் வேண்டாம். ஒரே சமயத்தில் பல மேசைகளில் ஆட்டம் நடக்கும். பேர் கேள்விப்படாதவர்கள் அங்கேதான் முளைப்பார்கள். 2021-ல் குவைத்தின் ஓமர் அல் ஷாஹீனும், 2023-ல் சிரியாவின் முகமது சூஃபியும் உலக இறுதி ஆட்டம்வரை வந்தது அப்படித்தான்.

நேரக் கணக்கு இப்படி. ஜெட்டா நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே ராத்திரி 8 என்றால் நமக்கு 10.30. பிரச்சினையே இல்லை. அமெரிக்கக் கிழக்குக் கரை கோடையில் ஒன்பதரை மணி நேரம் பின்னால். அங்கே சாயங்காலம் 7 என்றால் நமக்கு விடியற்காலை 4.30. பால்காரர் வருவதற்குள் இரண்டு செட் ஆகிவிடும். மணிலாவும் நியூசிலாந்தும் நமக்கு முன்னால். 2024-ல் நியூசிலாந்தின் ஹாமில்டனில் பிலிப்பைன்ஸின் ரூபிலன் அமித் பெண்கள் உலகப் பட்டம் வென்றாரே, அந்த ஊரில் ராத்திரி 7 என்றால் செப்டம்பரில் நமக்குப் பகல் 12.30.

வருஷத்தில் ஒரே ஒரு போட்டி பார்ப்பேன் என்பவர்களுக்கு அணி ஆட்டத்தைச் சிபாரிசு செய்கிறேன். 1994-ல் ஆரம்பித்த மாஸ்கோனி கோப்பையில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும். மற்ற போட்டிகளில் இருமினாலே முறைப்பார்கள். இங்கே ரசிகர்கள் ஆட்டக்காரர் குனிந்த பிறகும் கத்துவார்கள், பாடுவார்கள். அந்தச் சத்தத்தில் கை நடுங்குகிறதா என்று பார்ப்பதே தனி ருசி. அதே மாதிரி ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் 2024-ல் மணிலாவில் ஒரு கோப்பை ஆரம்பித்து, அதற்கு ரேயஸ் பெயரையே வைத்தார்கள். முதல் வருஷம் ஆசிய அணிக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. ஆசியாதான் ஜெயித்தது.

மாஸ்கோனி கோப்பை வழக்கமாக டிசம்பர் முதல் வாரத்தை ஒட்டி வரும். இங்கிலாந்தில் நடந்தால் அங்கே சாயங்காலம் 6 மணிக்கு நமக்கு ராத்திரி 11.30. மறுநாள் ஃபிட்டிங் லேப் இருந்தால் ரெக்கார்டு நோட்டில் முதலிலேயே கையெழுத்து வாங்கி வைத்துவிடுங்கள்.